ஐந்து மணிக்குச் சாத்தப்படும் கதவு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சபையில் வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு நடத்துகிறேன். பழைய ஏற்பாட்டில் 31 அதிகாரங்கள் உள்ள நீதிமொழிகளை நாளுக்கு ஓர் அதிகாரமாக மாதந்தோறும் வாசிக்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து அம்மா கூப்பிடும் சத்தம் இடைஞ்சலாக இருப்பதால், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன், மனைவி பார்த்துக்கொள்வாள். இவ்வளவு வாசித்தும், பழைய ஏற்பாடு சொல்லும் ஞானம் அறிவா, பக்தியா என்பது தெளிவாகவில்லை. வகுப்பை எங்கிருந்து தொடங்கலாம்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில், போகிறபோக்கில் எழுதிவிட்டு நீங்கள் கடந்துபோன அந்தக் கதவைப் பற்றிப் பேசியாக வேண்டும். இதுபோன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், எல்லார் வீட்டிலும் ‘பார்த்துக்கொள்ள’ ஒரு மனைவி இருக்கிறார்.

நீதிமொழிகளைத் தேதிவாரியாக வாசிக்கிறவருக்கு 31ஆம் தேதி என்ன வரும் என்று தெரிந்திருக்கும். லேமுவேல் என்னும் ராஜாவுக்கு அவனுடைய தாய் உபதேசித்த வார்த்தைகள் அவை. குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பின்பகுதியைக் கல்யாணங்களில் வாசித்துவிடுகிறோம். குடித்து மயங்கி ஏழையின் நியாயத்தைப் புரட்டாதே, பேச முடியாதவனுக்காக நீ வாயைத் திற என்று அரசனான மகனையே ஒரு தாய் அதட்டுகிற முதல் ஒன்பது வசனங்களை யாரும் தொடுவதில்லை. அந்தத் தாயின் அதட்டலைத்தான், பெற்றவளின் குரல் காதில் விழாதபடி கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். முப்பது நாள் மாதங்களில் அவளிடமிருந்து தப்பிவிடலாம். ஆனால் 23ஆம் தேதி எல்லா மாதத்திலும் வருகிறது, “உன் தாய் வயதுசென்றவளாகும்போது அவளை அசட்டைபண்ணாதே” என்ற வசனம் அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில், பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், இரத்தினங்களை வெட்டிப் பதிக்கவும், மரத்தைச் செதுக்கவும் தேவன் பெசலெயேல் என்னும் கைவினைஞனை ஞானத்தினால் நிரப்புகிறார். 35ஆம் அதிகாரத்தில், இருதயத்தில் அதே ஞானம் எழுப்பப்பட்ட பெண்கள் வெள்ளாட்டு மயிரைத் திரிக்கிறார்கள். இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் மேல் போட 11 மூடுதிரைகள் நெய்யப்பட்டது அந்த மயிரில்தான். தேவபயமே ஞானத்தின் ஆரம்பம் என்று நீதிமொழிகள் சொல்வது உண்மை. வெள்ளிக்காகவும் பொன்னுக்காகவும் மலையைக் குடைகிற மனிதனால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று என்று ஞானத்தை வர்ணிக்கும் யோபு 28ஆம் அதிகாரமும் தேவபயத்தில்தான் முடிகிறது, ஆனால் ‘பொல்லாப்பை விட்டு விலகுவதே புத்தி’ என்று நடத்தையையும் அதனோடு சேர்த்துக் கட்டுகிறது. அறிவா, பக்தியா என்று நீங்கள் பிரித்த இரண்டுமே, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் வைத்துக்கொள்ளக்கூடியவை. எபிரெய வேதமாகிய பழைய ஏற்பாடு ஞானி என்று காட்டுகிறவர்களோ பெரும்பாலும் கையில் ஒரு வேலையோடு இருக்கிறார்கள்.

சாலொமோன் ராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிபியோனில் அவன் ஞானத்தைக் கேட்டது 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவனுடைய தாய் பத்சேபாள் உள்ளே வரும்போது, அவன் எழுந்து எதிர்கொண்டு போய் அவளை வணங்கி, தன் வலதுபுறத்தில் அவளுக்கு ஆசனம் போடுகிறான். அவனுடைய அண்ணன் அதோனியாவுக்காக அவள் கேட்டதை அவன் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கு அதோனியாவின் இரத்தத்தில் முடிந்தது. தாய் சொன்னதெல்லாம் நடக்க வேண்டும் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனாலும் சிம்மாசனத்தில் இருந்தவன் எழுந்தான், ஐயா. நீங்கள் நாற்காலியிலிருந்து எழவில்லை.

மருமகள் செய்கிறாளே என்று சமாதானம் சொல்லாதீர்கள். உங்கள் மனைவி தம் கடமையைச் செய்கிறார். அதோடு உங்களுடையதையும் சுமக்கிறார். பெற்ற பிள்ளை கைப்பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப்போவதைக் கூலிக்கோ மருமகளுக்கோ ஒப்படைத்துவிட்டு வேதம் வாசிப்பதை நான் பக்தி என்று ஒப்புக்கொள்வதில்லை. வாசிப்பை எட்டு மணிக்கு மாற்றுங்கள். ஐந்து மணி உங்கள் அம்மாவுடையது. அவருக்குக் காது கேட்குமானால் அவர் கட்டிலருகே சத்தமாக வாசியுங்கள்.

வகுப்பை நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்தின் உயர்ந்த கவிதையிலிருந்து தொடங்க வேண்டாம். வாலிபர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வெள்ளாட்டு மயிர் திரித்த பெண்களிலிருந்து தொடங்குங்கள், ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வேண்டாம். ஒரு மாதம் போகட்டும்.