முதல் அரை மாரத்தானுக்கு (21.1 கிலோமீட்டர் ஓட்டம்) தயாராகும்போது ஜிம்மை நிறுத்திவிட வேண்டுமா? சாப்பாட்டை எப்படி வைத்துக்கொள்வது?

ஜிம்மை நிறுத்த வேண்டாம். ஆனால் அங்கே செய்வதை மாற்ற வேண்டும், சாப்பாட்டைக் கூட்ட வேண்டும்.

வாரம் ஐந்து நாள் ஜிம், எடை 70 கிலோ, முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம், இப்போதைக்கு 6 கிலோமீட்டர் ஓட முடிகிறது, ஜனவரியில் சென்னையில் ஓட்டம், கையில் நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே "அப்படியே ஐந்து கிலோ குறைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றும். மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியது. இந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில் ஜிம். எடைப் பயிற்சியும் ஓட்டமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற பேச்சுக்குப் பின்னால் 1980இல் ராபர்ட் ஹிக்ஸன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரு குழு வாரம் 5 நாள் எடைப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு வாரம் 6 நாள் ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழு இரண்டையும் முழுதாகச் செய்தது. மூன்றாவது குழுவின் கால் பலம் ஏழாவது வாரம் வரை ஏறியது, அங்கேயே நின்றது, பத்தாவது வாரத்துக்குள் இறங்கவும் தொடங்கிவிட்டது. பலரும் இத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய ஓடும் திறன் துளியும் குறையவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. வாரம் பதினொரு கடினமான பயிற்சிகள் செய்தால் ஏதோ ஒன்று அடிவாங்கத்தான் செய்யும். நமக்கு அவ்வளவு தேவையே இல்லை.

ஓடுகிறவர்களுக்கு எடைப் பயிற்சி என்ன தரும் என்பதற்கு 2008இல் வந்த நார்வே ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் ஓட்டத்தோடு வாரம் மூன்று நாள் அரை ஸ்குவாட் (தோளில் எடையோடு பாதி உட்கார்ந்து எழுவது) செய்தார்கள். நான்கு முறைக்கு மேல் தூக்க முடியாத எடை, நான்கு செட் (சுற்று). எட்டு வாரத்தில், அதே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் சுமார் 5 சதவீதம் குறைந்தது. உடல் எடை ஏறவில்லை. ஸ்குவாட் செய்தால் கால் கனத்துவிடும் என்று பயப்படுகிற நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

ஓடுகிறவர்கள் லேசான எடையை இருபது இருபத்தைந்து முறை தூக்கினால் போதும் என்று சில ஜிம்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. லேசான சுமையை ஆயிரக்கணக்கான முறை தாங்கும் வேலையை ஓட்டமே செய்துவிடுகிறது. ஜிம்மில் கிடைக்க வேண்டியது கனமான சுமை. ஸ்குவாட் அல்லது ஸ்பிளிட் ஸ்குவாட் (ஒரு காலை முன்னே வைத்துச் செய்வது), ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கி எடையைத் தூக்குவது), ஸ்டெப் அப் (எடையோடு படி ஏறுவது), காஃப் ரெய்ஸ் (குதிகாலை உயர்த்தி இறக்குவது), கொஞ்சம் சைடு பிளாங்க் (பக்கவாட்டில் உடலைத் தாங்கி நிற்பது). ஒவ்வொன்றிலும் மூன்று செட், ஐந்தாறு முறை, இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்திவிடுங்கள். காஃப் ரெய்ஸை மட்டும் தயவுசெய்து ஒப்புக்குச் செய்யாதீர்கள். ஒவ்வொரு காலடிக்கும் தரையிலிருந்து உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை மேலே வருகிறது. அதில் பெரும் பங்கைக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் வாங்கிக்கொள்கின்றன. கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் தசைக்கு வேலை போக வேண்டுமானால், முட்டியை மடக்கி உட்கார்ந்த நிலையிலும் செய்ய வேண்டும். எனக்கு 15 கிலோமீட்டர் தாண்டினால் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தோளில் கம்பி வைத்துக் கனமாகக் காஃப் ரெய்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது விட்டது.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். மேல் உடம்புக்கு அதே நாட்களில் ஒரு புல் அப், ஒரு பிரெஸ். செஸ்ட் டே, பைசெப்ஸ் டே என்று தனித்தனியாக வைத்திருப்பதை ஜனவரி வரை மூட்டை கட்டிவிடுங்கள். நாட்களை எப்படி அடுக்குவது என்பதுதான் முக்கியம்: கடினமான ஓட்டமும் கால் பயிற்சியும் ஒரே நாளில் வரட்டும். செவ்வாய் காலை வேக ஓட்டம், மாலை கால். வியாழன் இரண்டாவது முறை. புதனும் சனியும் மெதுவாகக் கொஞ்ச தூரம். ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். திங்களும் வெள்ளியும் ஓய்வு. ஒரே வேளைதான் கிடைக்கிறது என்றால் முதலில் ஓட்டம், அப்புறம் எடை. வெள்ளி, சனிக்கிழமைகளில் ஸ்குவாட் பக்கமே போகாதீர்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத் தூரத்தில் பெரும்பகுதி, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்கட்டும். லாங் ரன்னை வாரம் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டி, ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்து, கடைசியில் 17, 18 வரை கொண்டுபோனால் போதும். முழு 21.1 கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடிப் பார்க்கத் தேவையில்லை. சென்னையின் விடியற்காலைப் புழுக்கத்தில் வியர்வை காய்வதே இல்லை, அதனால் இதயம் கூடுதலாக அடிக்கும். பெங்களூரில் ஓடும் நண்பரின் வேகத்தோடு உங்கள் வேகத்தை ஒப்பிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. தண்ணீர் தேங்கிய வாரத்தில் ஓட்டம் தவறினால் தவறியதுதான், அதை அடுத்த வாரக் கணக்கில் ஏற்ற வேண்டாம்.

இனி சாப்பாடு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ உடம்பு வாரம் 35 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 2,450 கலோரி கூடுதல் செலவு, கிட்டத்தட்ட ஒரு முழு நாள் சாப்பாடு. இதை ஈடுகட்டாமல், அதற்கு மேல் ஐந்து கிலோ குறைக்கவும் பார்த்தால், சம்பளம் ஏறாமல் இரண்டு கடன் கட்டுகிற நிலைமைதான். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எடை தூக்கும் பலம் குறையும், முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி நிலைத்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். செலவுக்கேற்பச் சாப்பிடாததால் வரும் இந்தப் பாதிப்புகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசியது, வெறும் களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. எடை குறைப்பைப் பிப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் பாதியில் காயப்பட்டு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புரதம் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை, அதாவது உங்களுக்கு 100 முதல் 140 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டில் இது தானாக வந்துவிடாது, எண்ணித்தான் சேர்க்க வேண்டும். மூன்று முட்டையில் 18, 50 கிராம் மீல் மேக்கரில் 25, 100 கிராம் பன்னீரில் 18, அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16, ஒரு பெரிய கைப்பிடி வேர்க்கடலையில் 12, 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. இதுவே ஏறக்குறைய 100. சோறு, சப்பாத்தி, சாம்பாரிலிருந்து வருவது தனி. இவ்வளவும் முடியாத நாளில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் தவறில்லை. ஆனால் சோற்றைக் குறைத்துப் பவுடரைக் கூட்டுவது தவறு. ஓடுவதற்கு எரிவது பெரும்பாலும் மாவுச்சத்துதான். லாங் ரன் முடிந்து வந்ததும் பொங்கலும் இரண்டு முட்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பயிற்சி தொடங்கும் முன் இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது), வைட்டமின் பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். சைவம் என்பதால் இதை விடாப்பிடியாகச் சொல்வேன்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஓடும்போது சாப்பிடுகிற சர்க்கரைக் கூழான ஒரு ஜெல்லில் 20, 25 கிராம் இருக்கும், நான்கைந்து பேரீச்சம்பழத்திலும் ஏறக்குறைய அதே அளவு. எதுவானாலும் லாங் ரன்னில் பழகிப் பார்த்த பிறகே. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நம் வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம், அதனால் உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ நல்லது. எவ்வளவு குடிப்பது என்று தெரிய, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. பயத்தில் தண்ணீராகக் குடித்துத் தள்ளவும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம்.

கடைசிப் பத்து நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள். கனமான கால் பயிற்சி ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். முந்தின நாள் சுண்டலும் கீரையும் வேண்டாம், தயிர் சாதமோ இட்லியோ போதும். காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம், பழக்கம் இருந்தால் ஒரு காபி. முதல் 5 கிலோமீட்டரை லாங் ரன் வேகத்திலேயே ஓடுங்கள், சுற்றி எல்லாரும் தாண்டிப் போனாலும் சரி. முதல் ஜெல் நாற்பதாவது நிமிடத்தில். 16 கிலோமீட்டரில் மூச்சு சீராக இருந்தால் அங்கிருந்து வேகத்தைக் கூட்டலாம்.