வலிப்பும் மூளை அலைகளும்: இ.இ.ஜி. அறையிலிருந்து சில பதில்கள்

சிங்கப்பூரில் இ.இ.ஜி. எடுப்பதுதான், அதாவது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்வதுதான், என் வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, மூளை அணுக்கள் ஒன்றுசேர்ந்து இயங்குவதால் வலிப்பு வருகிறதாம். ஒன்றுசேர்வது நல்லதுதானே?

பதில்: அளவோடு இருந்தால் நல்லதுதான். ஆழ்ந்த தூக்கத்தில் எல்லோருக்குமே அலைகள் மெதுவாக, ஒன்றாக ஏறி இறங்கும். விழித்திருக்கும் மூளையோ ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தை மாதிரி. மீன்காரர் ஒரு விலை சொல்வார், கீரைக்காரம்மா சில்லறை கேட்பார். அவரவர் பேச்சு தனித்தனியாக இருப்பதால்தான் வியாபாரம் நடக்கிறது. அத்தனை பேரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் கத்தினால் எதுவும் நடக்காது. வலிப்பு அப்படித்தான். ஆனால் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பில், ஆரம்பத்தில் ஒத்திசைவு குறைவதும் உண்டு. முடியும் தறுவாயில்தான் பல இடங்கள் சேர்ந்து துடிக்கும்.

கேள்வி: மகளுக்கு 7 வயது. வகுப்பில் திடீரென வெறித்துப் பார்க்கிறாள், பத்து வினாடியில் சரியாகிவிடுகிறாள். கவனக்குறைவு என்கிறார் ஆசிரியர். (ஈசூன் வாசகி)

பதில்: தயவுசெய்து பிள்ளையைத் திட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இ.இ.ஜி. அறையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து 3 நிமிடம் ஊதச் சொல்வோம். 'அப்சென்ஸ்', அதாவது சில வினாடிகள் நினைவு தப்பும் வகை வலிப்பாக இருந்தால், ஊதிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென நின்றுவிடும். காற்றாடி மெல்ல ஓயும். அதே நொடியில் திரையில் தலையின் இரு பக்கக் கோடுகளும் ஒன்றாக எழும்பும்: ஒரு கூர்முனை, ஓர் அலை, வினாடிக்குச் சுமார் 3 தடவை. 1935இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் விவரித்த அதே வடிவம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஊதும். இடையில் விட்டுப்போன வினாடிகள் அதற்குத் தெரியவே தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு கனக்கும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. இப்படி ஊதுவதே வலிப்பைத் தூண்டலாம் என்பதால், வீட்டில் நீங்களாக ஊதவைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு இ.இ.ஜி. நார்மல். அப்போ வலிப்பு இல்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அரை மணி நேரப் பதிவில் வலிப்பைக் காட்டும் அலை வராமலே போகலாம். ஆழத்தில் நடப்பது தலைமேல் ஒட்டிய மின்முனைகளுக்கு எட்டாமலும் போகலாம். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி மறுபடி எடுப்பார்கள். அதுவரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கையில் சாவிக்கொத்து கொடுத்தால் வலிப்பு நிற்குமா?

பதில்: நிற்காது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். சாவியால் நின்றதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.