பீடத்தில் நின்று ஓட்டுக் கேட்கலாமா?

கேள்வி: தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு மறையுரையில் எங்கள் பங்குத்தந்தை ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி, அதற்கு ஓட்டுப் போட்டால் பாவம் என்றார். அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்ட என் மனைவி, இப்போது திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்க எழுந்து போகாமல் இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். ஃபாதர் அப்படிச் சொல்லலாமா?

பதில்: சொல்லியிருக்கக் கூடாது. முதலில் உங்கள் மனைவி விஷயம். எதற்காக அந்தக் கட்சிக்குப் போட்டார் என்று அவரிடமே கேளுங்கள். 2004-இல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்; அப்போது வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவர், இளகிய மனிதர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை) அமெரிக்க ஆயர்களுக்காக எழுதிய குறிப்பில் இதைத் தெளிவாக வைத்தார். ஒரு வேட்பாளர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே அவருக்கு ஓட்டுப் போடுகிறவர் அந்தத் தவறில் பங்காளி. அந்தக் கொள்கையை ஏற்காமல், அதற்கு ஈடான கனமுள்ள வேறு காரணங்களுக்காகப் போடுகிறவருக்கு இடம் உண்டு. ஆக, வாக்குச்சீட்டை மட்டும் பார்த்துப் பாவத்தை முடிவு செய்ய முடியாது. உங்கள் மனைவி வேலைவாய்ப்பையோ, தன் குடும்பத்தின் பாதுகாப்பையோ எண்ணி மனச்சாட்சியோடு போட்டிருந்தால், அந்த ஒரு மறையுரைக்காக நன்மை வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. மனம் ஆறவில்லை என்றால் வேறொரு குருவிடம் பேசச் சொல்லுங்கள்.

அடுத்து ஃபாதர் விஷயம். குருமடத்தில் திருச்சபைச் சட்டம் நடத்தியவன் நான். தேர்தல் நெருங்கினாலே மாணவர்கள் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 287-ஆவது சட்டம், குருக்கள் அரசியல் கட்சிகளில் தீவிரப் பங்கு எடுக்கக் கூடாது என்கிறது. திருச்சபையின் உரிமையைக் காக்கவோ பொதுநலனுக்காகவோ தேவைப்பட்டால் விலக்கு உண்டு. ஆனால் தேவையா இல்லையா என்று தீர்மானிப்பது உரிய மேலதிகாரி. மறையுரை மேடையில் ஏறியவர் அங்கேயே நின்று தனக்குத் தானே விலக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது.

"உரோமையே (திருத்தந்தையின் தலைமையகமே) அப்படிச் செய்ததுண்டே?" என்று உங்கள் ஃபாதர் கேட்கலாம். உண்மைதான். 1868-இல் இத்தாலியக் கத்தோலிக்கர்களிடம் பாராளுமன்றத் தேர்தலில் கலந்துகொள்ளவே வேண்டாம் என்றது உரோமை. அந்தத் தடை முழுசாக விலக 1919 ஆயிற்று. பிறகு 1949-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், கம்யூனிஸ்ட் கட்சிகளில் சேர்கிறவர்களுக்கும் ஆதரவு தருகிறவர்களுக்கும் நன்மை, பாவசங்கீர்த்தனம் போன்ற அருளடையாளங்கள் கிடையாது என்று ஆணை வந்தது. பலன்? 1976-இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி 34 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது. அத்தனை பேரும் ஞானஸ்நானம் வாங்காதவர்களா என்ன? இடையில் 1965-இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் கட்டுண்டது அன்று என்று எழுதி வைத்துவிட்டது. இன்றைக்குப் பேசுகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: முதலில் ஃபாதரை நேரில் பாருங்கள். பயனில்லை என்றால் ஆயருக்குக் கடிதம் எழுதுங்கள். 212-ஆவது சட்டம் பொதுநிலையினருக்கு (குருக்கள், துறவிகள் அல்லாத விசுவாசிகளுக்கு) அந்த உரிமையைக் கொடுக்கிறது, சில நேரம் அதைக் கடமை என்றே சொல்கிறது. தேதி, எந்த மணித் திருப்பலி, அவர் சொன்ன வாக்கியம் மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். 'சாமி அரசியல் பேசுகிறார்' என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் போய்த் தூங்கும்.

கேள்வி: ஆயர்கள் ஊழலைக் கண்டித்தாலும் 'இது அரசியல்' என்கிறார்களே?

பதில்: ஊழல் செய்தவர் அப்படித்தான் சொல்வார். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் ஆயர்கள் விட்ட அறிக்கையைப் பாருங்கள். அதிபர் மார்க்கோஸ் நடத்திய தேர்தல் மோசடியானது, மோசடியால் வந்த அரசுக்குத் தார்மீக அடிப்படை கிடையாது என்றார்கள். அவரை எதிர்த்து நின்ற கொரசோன் அக்கினோவின் கட்சிக்கு வாருங்கள் என்று அதில் அழைப்பு இல்லை. சில நாளில் மணிலா பேராயர் கர்தினால் சின், திருச்சபையின் வானொலியான ரேடியோ வெரித்தாஸ் வழியாக மக்களை வீதிக்கு அழைத்தார். ஆனால் இதே சின்தான் தேர்தலுக்கு முன்பு, பிரிந்து நின்ற எதிர்க்கட்சிக்காரர்களைச் சேர்த்து வைக்கப் பாடுபட்டவர். அந்த வேலை எனக்கு இன்னமும் உறுத்துகிறது. மார்க்கோஸ் ஆட்சி விழுந்து முடிவு நன்றாக வந்ததால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆயரை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: தனக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருக்கும்போது அதே தவறு நடந்தால் அதே குரலில் பேசுகிறாரா? இரண்டு பக்கமும் அவரைத் திட்டினால் ஓரளவு சரியாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். நான் பங்குத்தந்தையாக இருந்தபோது வேட்பாளர்கள் ஆசீர் வாங்க வருவார்கள். "தாராளமாகச் செபிக்கிறேன், போட்டோ மட்டும் வேண்டாம். உங்களை எதிர்த்து நிற்பவர் வந்தாலும் செபிப்பேன்" என்பேன். பாதிப் பேர் செபம் முடியும்வரைகூட நிற்கமாட்டார்கள்.

கேள்வி: ஒரு குரு தேர்தலிலேயே நிற்கலாமா?

பதில்: ஆட்சி அதிகாரமுள்ள பதவி கூடாது என்கிறது 285-ஆவது சட்டம். அமெரிக்கக் காங்கிரஸில் இருந்த இயேசு சபைக் குரு இராபர்ட் டிரைனன், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சொன்னதும் 1980-இல் மறுபடி நிற்காமல் விலகினார். பராகுவேயில் ஆயராக இருந்த பெர்னாண்டோ லூகோ 2008-இல் அதிபர் தேர்தலில் வென்றார். பதவியேற்கும் முன்பு உரோமை அவரைப் பொதுநிலையினர் ஆக்கிவிட்டது. ஸ்லோவாக்கியாவில் யோசெப் திசோ குருவாகவே அதிபராக இருந்தார். யூதர்களை நாஜிகளிடம் அனுப்பிய ஆட்சி அவருடையது. இந்தத் தடை ஏன் என்று மாணவர்கள் கேட்டால் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

நிரந்தரத் திருத்தொண்டர்களுக்கு (குருப்பட்டம் பெறாமல் திருத்தொண்டர் நிலையிலேயே இருந்து பணி செய்பவர்களுக்கு), உள்ளூர்த் திருச்சபை வேறு விதமாகச் சட்டம் போடாதவரை, இந்தத் தடை கிடையாது. பலருக்கு இது தெரியாது, சில திருத்தொண்டர்களுக்கும்.