விவாகரத்து சமரசப் பேச்சில் பிள்ளைகளுக்காக எதைப் பேச வேண்டும்?

குடும்பநல நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்பியிருக்கிறது, சேர்ந்து வாழச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களா, பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயப்படுத்த முடியாது. சமரசர் தீர்ப்பு சொல்பவர் அல்ல. 1984-ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 9-வது பிரிவு முதலில் இணக்கத்துக்கு முயலச் சொல்கிறது, அவ்வளவுதான். சேர்வது நடக்காது என்றால், எப்படிப் பிரிவது என்பதையும் அங்கேயே பேசலாம். பேசியது ரகசியம், ஒத்துவராமல் போனாலும் வழக்கில் அதை உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது.

பேசி முடிவானதை ஒப்பந்தமாக எழுதும்போது பிள்ளைகள் விஷயத்தை மட்டும் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "வார இறுதியில் அப்பா பார்க்கலாம்" என்று விட்டால் அடுத்த மாதமே சண்டை வரும். சனிக்கிழமை எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, முழுப்பரீட்சை லீவில் யாரிடம் எத்தனை நாள், தீபாவளி எங்கே, பொங்கல் எங்கே, ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது, ராத்திரி காய்ச்சல் வந்தால் உடனே மற்றவருக்குச் சொல்வது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஜீவனாம்சத் தொகைக்காகக் குழந்தையைப் பார்க்கும் உரிமையைப் பேரம் பேசாதீர்கள். "அம்மா வேணுமா, அப்பா வேணுமா" என்று பிள்ளையிடம் கேட்கவே வேண்டாம், தயவுசெய்து.

ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்று உத்தரவாக்கினால் இருவரையும் கட்டுப்படுத்தும். பிள்ளை வளர வளரத் தேவை மாறும். அப்போது மாற்றக் கோரி மனு போடலாம்.

அப்புறம், வீட்டில் அடி உதை இருந்திருந்தால் முதல் நாளே சமரசரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். எதிரெதிரே உட்காராமல் தனித்தனியாகப் பேசக் கேட்கலாம்.