மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டா, இல்லை எல்லாம் வெளிச் சக்திகள் தீர்மானிப்பதா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் பெரியப்பாதான். கோவையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. பார்க்கின்சன் நோய்க்கு டாக்டர் பிரமிபெக்சோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்த பிறகு கை நடுக்கம் நன்றாகக் குறைந்தது. சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

ஏழெட்டு மாதம் கழித்து, வெயிலில் காயப்போட பெரியம்மா மெத்தையைத் தூக்கினால் அடியில் கேரள லாட்டரிச் சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக. தமிழ்நாட்டில்தான் 2003லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டதே, பஸ் ஏறி கேரள எல்லையில் இருக்கும் வாளையார் போய் வாங்கி வந்திருக்கிறார்.

காரணம் மாத்திரை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைவதால் வரும் நோய் பார்க்கின்சன். பிரமிபெக்சோல் டோபமைன் செய்யும் வேலையைச் செய்கிறது. ஆனால் கை கால் அசைவோடு நிற்காமல், ஆசையைக் கிளப்பும் இடத்தையும் தூண்டிவிடுகிறது. சூதாட்டம், கண்டதை வாங்குவது, அடங்காத தீனி என்று ஆளுக்கு ஒரு மாதிரி வெளிவரும். 3,090 நோயாளிகளைப் பார்த்து 2010ல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட பழக்கம் இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம்.

சுயவிருப்பம் இல்லை என்பவர்கள் வழக்கமாக 1983ல் வந்த, மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் சோதனையைக் காட்டுவார்கள். மணிக்கட்டை அசைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு விநாடி முன்பே மூளையில் அதற்கான அலை கிளம்பிவிடுகிறது என்பது அதன் முடிவு. மணிக்கட்டு அசைவை வைத்து வாழ்க்கையை அளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மெத்தைக்கு அடியில் இருந்த சீட்டுகள்தான் என்னை உலுக்கின. ஒரு மனிதரின் ஆசையையே ஒரு மாத்திரை எழுதிவிடுகிறது என்றால், என் ஆசைகளில் எது என்னுடையது?

ஆனால் அதே பெரியப்பா, விஷயம் தெரிந்த மறுநாள் காலையில் பர்ஸையும் பீரோ சாவியையும் கொண்டுவந்து பெரியம்மாவிடம் கொடுத்தார். "நீயே வெச்சுக்கோ. நானே கேட்டாலும் குடுக்காதே."

டாக்டர் அப்போது அளவைக் குறைக்கவே ஆரம்பிக்கவில்லை. (பிறகும் படிப்படியாகத்தான் குறைத்தார். இதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது.) ஆசை முழு வேகத்தில் இருக்கும்போதே அந்த ஆசைக்கு எதிராகக் கதவைச் சாத்தினார். அதுவும் வளர்ப்பு, பழக்கம், இத்தனை வருடக் கடைக் கணக்கு எல்லாம் சேர்ந்து செய்ததுதானே என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன். அவையெல்லாம் சேர்ந்த ஆள்தான் எங்கள் பெரியப்பா. அந்த ஆள் எடுத்த முடிவைத்தான் நான் சுயவிருப்பம் என்கிறேன்.

நாலு நாள் கழித்துச் சாவியைக் கேட்டார். பெரியம்மா தரவில்லை. ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார், வாளையார் பஸ் போகும் நேரம் வரை.