தண்ணில துளியூண்டு இருக்கற பாதரசம் மீனையும் அதை தின்ற மிருகத்தையும் எப்படி பாதிக்கும்?

துளியூண்டு தானேன்னு கேக்கறீங்க, ஆனா அது உடம்பை விட்டு சீக்கிரம் போகாதே, அதான் வம்பு. பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் மெர்குரியா, அதாவது உடம்புல சுலபமா சேர்ற வகை பாதரசமா மாத்திடும், அதை பாசி இழுத்துக்கும், பாசியை தின்ன பூச்சியை சின்ன மீன் தின்னும், அதை பெரிய மீன், இப்படி படிப்படியா சேந்து மேல இருக்கற மீன்ல தண்ணில இருந்ததை விட லட்சக்கணக்கான மடங்கு ஆகிடும். ஜப்பான்ல மினமாட்டால 1950கள்ல இப்படி பாதரசம் ஏறின மீனை தின்ன பூனைங்க கால் தடுமாறி, சுத்தி சுத்தி ஓடி, வலிப்பு வந்து செத்துச்சுங்க, மனுஷங்களுக்கு அதே நோய் வந்தது 1956ல தான் பதிவாச்சு. இதே மாதிரி உடம்புல தங்கற விஷ உலோகங்கள் இன்னும் இருக்கு. ஈயம் வேற ரகம், உடம்பு அதை கால்சியம்னு நினைச்சு எலும்புல சேத்து வச்சுக்கும். தூக்கிப்போட்ட, ஈயம் இருக்கற பழைய பேட்டரியை மாடு நக்கினா கண்ணு தெரியாம போய், பல்லை நறநறன்னு கடிச்சுட்டு செவத்துல தலையை அழுத்திக்கிட்டு நிக்கும், பாவம். காட்மியம்ங்கற இன்னொரு உலோகம் சத்தமே இல்லாம வருஷக்கணக்குல கிட்னில உக்காந்துக்கும், வயசான குதிரைங்க கிட்னில அது அதிகமா இருக்கறது அதனால தான்.