முள்ளைப் பிடுங்கியாச்சு, வீக்கம் ஏன் வடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. முதுகுளத்தூர் பக்கம் கிராமம். ஆடு மேய்க்கிறேன், கரிமூட்ட வேலைக்கும் போவேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது உள்ளங்காலில் ஏறிவிட்டது. அப்போதே பிடுங்கிவிட்டேன். மறுநாள் கால் சிவந்து, சூடாகி, வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். குறைந்தது. மாத்திரை முடிந்ததும் மறுபடி வீங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி 38 என்று வந்திருக்கிறது. "இன்ஃப்ளமேஷன் இருக்கு" என்றார் லேப்பில் இருந்தவர். அது என்ன நோய்? இப்போது மெடிக்கலில் வீக்க மாத்திரை வாங்கித்தான் சமாளிக்கிறேன். தொடர்ந்து சாப்பிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடுத்தது, இன்ஃப்ளமேஷன் என்று ஒரு நோய் கிடையாது. தமிழில் அழற்சி என்கிறோம். அடிபட்ட இடத்தில் உடம்பு செய்யும் வேலைக்குப் பெயர் அது. உங்கள் காலில் அந்த வேலை நடக்கிறது என்பதில் தவறே இல்லை. மூன்று வாரமாகியும் அது ஏன் முடியவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

சிவப்பு, சூடு, வீக்கம், வலி. நீங்கள் எழுதியிருப்பதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் இதே நான்கு சொற்களில் எழுதி வைத்திருக்கிறார். நான்கும் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் உங்கள் கால் உங்களுக்கே புரிந்துவிடும்.

முள் தோலுக்குள் இறங்கும்போது கூடவே மண்ணும் கிருமியும் இறங்குகின்றன. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் சில செல்கள்தான் இதை முதலில் உணர்கின்றன. அதில் மாஸ்ட் செல் என்று ஒன்று, சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஹிஸ்டமினைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும் ரகம். நிமிஷக் கணக்கில் அதைக் கொட்டிவிடும். உடனே பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. சிவப்பும் சூடும் அதனால்தான். விரிந்த குழாயின் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அதன் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுவுக்குள் கசிவதுதான் வீக்கம். கெட்ட நீர் கோத்துக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள். கெட்ட நீர் இல்லை அது. கிருமியை அடையாளம் காட்டும் எதிர்ப்புப் புரதங்களும், அந்த இடத்தை வலை போட்டு அடைக்கும் ஃபைப்ரின் என்ற பொருளுக்கான சரக்கும் அதில்தான் வந்து சேர்கின்றன.

வலி இன்னொரு கதை. பிராடிகைனின், புராஸ்டகிளாண்டின் என்று இரண்டு பொருட்கள் அங்கே ஊறுகின்றன. பிராடிகைனின் நரம்பு நுனியைக் குத்தும். புராஸ்டகிளாண்டின் அதே நரம்பைக் கூசவைக்கும். சாதாரணமாக வலிக்காத தொடுதல்கூட வலிப்பது இதனால்தான். காலை ஊன்ற முடியாமல் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள் அல்லவா, அந்த ஓய்வு காலுக்குத் தேவை.

அப்புறம் வெள்ளையணுக்கள். நியூட்ரோஃபில் என்ற வகையை நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உற்பத்தி செய்கிறது. ரத்த ஓட்டத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருப்பவை, முள் குத்திய இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் குழாய்ச் சுவரில் ஒட்டி உருள்கின்றன, நிற்கின்றன, இடுக்கு வழியாக நெளிந்து வெளியேறுகின்றன. சில மணி நேரத்தில் கூட்டம் கூடிவிடும். கிருமியை விழுங்கும், அங்கேயே செத்தும் போகும். சீழ் என்று அருவருப்போடு துடைத்துப்போடுகிறோமே, அதில் பெரும்பங்கு இந்தச் செத்த நியூட்ரோஃபில்கள்தான். இரண்டாம் நாள் வாக்கில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய செல்கள் நிறைய வந்து செத்ததையும் மிச்சத்தையும் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும்.

இதைக் கண்டுபிடித்ததும் ஒரு முள்ளால்தான். 1882-இல் இத்தாலியின் மெசினா ஊரில் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தது இப்போது உங்கள் உள்ளங்காலில் நடக்கிறது.

செய்தி காலோடு நிற்பதில்லை. அங்கிருந்து கிளம்பும் சில பொருட்கள் மூளைக்குப் போனால் காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால், காலிலிருந்து வடியும் நீரை அங்கே வடிகட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பொருட்கள் கல்லீரலுக்குப் போனால் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கும். உங்கள் 38 அப்படி வந்ததுதான். பொதுவாக 5-க்குள் இருக்க வேண்டியது, குத்திய சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இந்தக் கணக்குப்படி, முதல் வாரத்தோடு எல்லாம் முடிந்திருந்தால் இன்று உங்களுக்கு 38 இருக்கவே முடியாது. ஆனால் சிஆர்பி, ஊரில் ஏதோ சலசலப்பு என்று மட்டும்தான் சொல்லும். எந்தத் தெரு, என்ன தகராறு என்று அதற்குத் தெரியாது. உங்கள் விஷயத்தில் தெரு நமக்கே தெரியும், அது ஒரு வசதி.

சரி, இந்த வேலை எப்படி முடிகிறது? தானாக ஓய்ந்துவிடும் என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. வந்த காரியம் முடிந்ததும், கூட்டத்தைக் கலைக்கவே தனியாகச் சில கொழுப்புப் பொருட்களை உடம்பு தயாரிக்கிறது. புது நியூட்ரோஃபில் வருவதை அவை நிறுத்துகின்றன, மேக்ரோஃபேஜைத் துப்புரவுக்கு முடுக்குகின்றன. ஆனால் வந்த காரியம் முடிந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு துண்டு முள் கிடந்தால்? அது மரம். மேக்ரோஃபேஜால் தின்று செரிக்க முடியாது. பல செல்கள் ஒன்றாக இணைந்து பெரிய செல்லாகி அதைச் சுற்றி வளைத்து உட்கார்ந்துகொள்ளும். மாதக்கணக்கில்கூட உட்காரும்.

உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்பது என் சந்தேகம். சீமைக்கருவேல முள்ளின் நுனி முறிவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஆணி, கண்ணாடி என்றால் எக்ஸ்ரேயில் தெரியும், மரத்துண்டு பெரும்பாலும் தெரியாது. வயிற்றுக்கு எடுப்பார்களே அல்ட்ராசவுண்ட், அதைக் காலுக்கு எடுக்கச் சொல்லுங்கள். அதில் முள் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. தெரிந்தால் மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குறைந்து, விட்டதும் திரும்புவதும் இதோடு பொருந்துகிறது. மருந்து கிருமியைக் குறைக்கும், முள்ளை எடுக்காது. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும் காயத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமியும் வரலாம். வழக்கமான மாத்திரைகள் பலவற்றுக்கு அது மசியாது. அதனால் கீறும்போது சீழ் வந்தால் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது மாத்திரை விஷயம். நீங்கள் பெயர் எழுதவில்லை. மெடிக்கலில் "வீக்க மாத்திரை" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, தனியாகவோ செராட்டியோபெப்டிடேஸ் என்ற நொதி சேர்த்தோ. இந்த இரண்டாவது சமாச்சாரம் உண்மையில் வீக்கத்தை வடிக்கிறது என்பதற்கு ஆதாரம் மிக மெலிது. ஜப்பானில் 2011-லேயே அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் கடைகளில் இன்னும் ஓடுகிறது. டைக்ளோஃபெனாக் வேலை செய்யும், மறுக்கவில்லை. இதுவும் ஆஸ்பிரின் வகைதான்; அந்த வகை மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர் காட்டினார். சிக்கலும் அங்கேதான். அதே புராஸ்டகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகவும் உதவுகிறது. இரண்டு மூன்று நாள் சாப்பிடுவது வேறு, வாரக்கணக்கில் சாப்பிடுவது வேறு. அதிலும் கரிமூட்டத்துச் சூட்டில் வேர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் சாப்பிட்டால் சிறுநீரகம்தான் மாட்டும். ஸ்கேனுக்குப் போகும் அன்றே, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். அதுவரை வலித்தால் பாராசிட்டமால் போதும்.

பொட்டலமாக மடித்துத் தரும் கலர் மாத்திரைகள் என்றால் இன்னும் பயம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வெள்ளையணுக்கள் காயத்துக்கு வந்து சேர்வதே தடைப்படும். ராத்திரியோடு வீக்கம் வடியும், ஆள் சந்தோஷப்படுவார். முள்ளும் கிருமியும் உள்ளேயே சுகமாக இருக்கும்.

யாராவது எருக்கம்பால் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாலே தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மஞ்சள் பத்து அந்த அளவு மோசமில்லை, ஆனால் ஆழத்தில் இருக்கும் முள்ளை அது ஒன்றும் செய்யாது.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 46 வயதில் கட்டாயம் பார்க்க வேண்டும். சர்க்கரை கூடினால் நியூட்ரோஃபில் மந்தமாகும், காலில் உணர்ச்சியும் குறையும். அப்போது செல்சஸ் சொன்ன நான்கில் வலி காணாமல் போய்விடும். வலியில்லாமல் வீங்கிய காலோடு ஆடு மேய்த்துவிட்டு, விரல் கறுத்த பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. முள் குத்திய இடத்தில் வலியே இல்லாமல் மாதக்கணக்கில் கெட்டியாகி, ஓட்டை விழுந்து, மணல் மாதிரி குருணை வெளியே வந்தால் அது வேறு நோய். உலகம் முழுக்க மருத்துவ நூல்களில் அதற்கு "மதுரைப் பாதம்" என்று பெயர். 1842-இல் மதுரையில் பார்த்து எழுதியதால் வந்த பெயர். மூன்று வாரத்தில், இவ்வளவு வலியோடு, அது வராது. உங்கள் பக்கத்து ஆட்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், காலில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, விரல் மூட்டை அசைக்கவே முடியாத வலி, இதில் எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். முதலில் போட்ட ஊசி டெட்டனஸ் ஊசிதானா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் "கால் வீக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "முள் குத்தினது, நுனி உள்ளே இருக்கான்னு பாருங்க" என்று சொல்லி, குத்திய இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.